வேனில் தங்க எந்தப் பேட்டரி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மின் இணைப்பு இல்லாத இடங்களில் வேனை நிறுத்தி இரண்டு மூன்று நாள் தங்குவதற்கு ஏற்ற பேட்டரி எது என்று டெல்டா மாவட்ட வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அவற்றுள் ஒரே பொருளில் வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் அளித்திருக்கிறோம்.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவியும் ஒரு பழைய டெம்போ டிராவலர் வாங்கி, படுக்கையும் சிறிய சமையல் மேடையும் வைத்து மாற்றிக்கொண்டிருக்கிறோம். தரங்கம்பாடி, கோடியக்கரை, கல்லணை என்று செல்லும் இடத்தில் இரண்டு இரவுகள் தங்க வேண்டும். விளக்கு, மின்விசிறி, கைப்பேசி ஆகியவற்றுடன், மனைவியின் இன்சுலினுக்காக ஒரு சிறிய குளிர்பெட்டியும் ஓட வேண்டும். வீட்டில் டிராக்டர் பேட்டரி ஒன்று சும்மா இருக்கிறது. அதையே வைக்கலாமா? புதிதாக வாங்குவதென்றால் எத்தனை ஏ.எச். (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) வாங்க வேண்டும்? – மன்னார்குடி வாசகர்

பதில்: டிராக்டர் பேட்டரியை வைக்க வேண்டாம், ஐயா. அது எஞ்சினைச் ‘செல்ஃப்’ அடித்துக் கிளப்புவதற்காகச் செய்யப்பட்டது. சில விநாடிகளுக்குள் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்க வேண்டும் என்பதால், அதனுள் மெல்லிய ஈயத் தகடுகளை நெருக்கமாக அடுக்கியிருப்பார்கள். கிளப்பி முடித்தவுடன், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் அந்தச் சிறு இழப்பை நிரப்பிவிடும். எனவே அந்தப் பேட்டரி ஒருபோதும் ஆழமாக இறங்குவதில்லை. அதே பேட்டரியில் இரவு முழுவதும் மின்விசிறி ஓட்டிப் பாதிக்கு மேல் இறக்கினால், மெல்லிய தகடுகளின் மேலுள்ள பசை உதிர்ந்து அடியில் படியும். இப்படிச் சில பத்து முறை இறங்கியதுமே அதில் சார்ஜ் நிற்காமல் போய்விடும். ஆழமாக இறங்கி மீண்டும் ஏறுவதற்கென்றே, ‘டீப் சைக்கிள்’ பேட்டரியில் தகடுகளைத் தடிமனாகவும் பசையை அடர்த்தியாகவும் அமைத்திருக்கிறார்கள். நம் வீட்டு இன்வெர்ட்டருக்கு வரும் டியூபுலர் பேட்டரியும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

எத்தனை ஏ.எச். என்ற கேள்விக்குக் கடைக்காரர் விடை சொல்ல முடியாது. உங்கள் பட்டியல்தான் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் பொருள்களையே எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் நேர்மின்னோட்ட (டி.சி.) விசிறி 25 வாட் என்றால், பத்து மணி நேரத்துக்கு 250 வாட்-மணி. எல்.இ.டி. விளக்குகள் எல்லாம் சேர்ந்து 15 வாட், ஐந்து மணி நேரத்துக்கு 75. கைப்பேசிகளுக்கு 60. கம்ப்ரஸர் உள்ள 12 வோல்ட் குளிர்பெட்டி ஓடும்போது 45 வாட் அளவில் இழுக்கும். விட்டு விட்டு ஓடினாலும் நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்கு 500 வாட்-மணி ஒதுக்குவதே பாதுகாப்பு. இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது என்பதால் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஆக மொத்தம் ஒரு நாளைக்கு 885 வாட்-மணி.

வெளிநாட்டுப் பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு எழுதும் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். அவை பெரும்பாலும் குளிர் நாடுகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே கவலை ஹீட்டரைப் பற்றியது. இங்கே சித்திரை, வைகாசி இரவுகளில் காற்றே அசையாமல் புழுங்கும்போது விடிய விடிய ஓடும் விசிறியும், அடிக்கடி ஓடும் குளிர்பெட்டியும்தான் பேட்டரியைத் தின்பவை. அவர்களுடைய கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் இங்கே தவறிவிடும்.

இனி இந்த 885-ஐப் பேட்டரிக்கு மாற்றுவோம். ஈய-அமிலப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்திருந்தால்தான் அதன் ஆயுள் நிலைக்கும். 12 வோல்ட்டால் வகுத்தால் நாளொன்றுக்கு 74 ஏ.எச்.; இரண்டு நாளுக்கு 148; பாதிதான் பயன்படும் என்பதால் 300 ஏ.எச். வேண்டும். அதாவது 150 ஏ.எச். டியூபுலர் இரண்டு, ஒவ்வொன்றும் அமிலத்தோடு 50 முதல் 60 கிலோ இருக்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையை எண்பது விழுக்காடு வரை தாராளமாக இறக்கலாம். அதன் வோல்ட் 12.8, நாளொன்றுக்கு 69 ஏ.எச்., இரண்டு நாளுக்கு 138, அதை 0.8-ஆல் வகுத்தால் 173. கடையில் கிடைக்கும் 200 ஏ.எச். போதும், எடை 20 முதல் 26 கிலோவுக்குள் அடங்கும்.

பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பி வாங்குவோர் ‘சி10’, ‘சி20’ என்ற குறிப்பையும் பார்க்க வேண்டும். சி20-இல் 100 ஏ.எச். என்றால் 5 ஆம்பியர் வீதம் இருபது மணி நேரம் தரும் என்று பொருள். அதே பேட்டரியிலிருந்து 50 ஆம்பியர் இழுத்தால் இரண்டு மணி நேரம் வராது. ஈய-அமிலத்தில் ஒன்றேகால் மணி நேரம் வந்தாலே பெரிது. வேகமாக இழுக்க இழுக்கக் கொள்ளளவு சுருங்கும் இந்த இயல்பை ஜெர்மானிய அறிஞர் பாய்க்கர்ட் 1897-லேயே கணக்காக எழுதிவிட்டார். எனவே சி20-இல் 150 என்று போட்ட பேட்டரியும் சி10-இல் 150 என்று போட்ட பேட்டரியும் ஒன்றல்ல, பின்னது பெரியது. லித்தியத்தில் இந்தச் சுருக்கம் மிகக் குறைவு.

எடுப்பதை மட்டும் எண்ணாமல், எடுத்ததைத் திரும்ப நிரப்ப வழி இருக்கிறதா என்று பாருங்கள். என் கருத்தில் பேட்டரித் தேர்வின் உயிர்நாடி அதுதான். ஈய-அமிலப் பேட்டரியில் முதல் எண்பது விழுக்காடு விரைவாக ஏறும். கடைசி இருபதுக்குப் பல மணி நேரம் பிடிக்கும். வேன் கூரையில் கிடைக்கும் வெயில் நேரத்தில் அந்தக் கடைசிப் பகுதி நிறையாமலே மாலை வந்துவிடும். நாள்தோறும் அப்படி அரைகுறையாக நின்றால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்து, பேட்டரி ஆண்டுக்கணக்கில் இழக்க வேண்டியதை மாதங்களில் இழந்துவிடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு அரைகுறையாக நிற்பதால் கேடு இல்லை. நீங்கள் மாதம் ஒருமுறை பயணம் போனால் அதன் இரண்டாயிரம், மூவாயிரம் சுற்றுகளை (ஒருமுறை இறங்கி மீண்டும் ஏறுவது ஒரு சுற்று) உங்கள் வாழ்நாளில் தீர்க்க மாட்டீர்கள். ஆகவே சுற்றுக் கணக்கைக் காட்டி யாரும் உங்களுக்கு லித்தியத்தை விற்க வேண்டியதில்லை. எடை பாதிக்கும் கீழே குறைவதும், அரைச் சார்ஜில் கெடாமல் நிற்பதும்தான் உங்களுக்குப் பொருந்தும் காரணங்கள். முதலில் போடும் பணம் கூடுதல் என்றாலும், உங்கள் வேனுக்கு 200 ஏ.எச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டையே சொல்வேன்.

வேனின் அமைப்பை மாற்றுவதானால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி பதிவுச் சான்றில் அதற்கான ஒப்புதல் வேண்டும். வேலையை முடித்துவிட்டுப் போவதைவிட, தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் மெக்கானிக், வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் உயரமான டியூபுலர் பேட்டரியையே படுக்கைக்கு அடியில் வைத்தால் செலவு மிகவும் குறையும் என்கிறார். செய்யலாமா? – கும்பகோணம் வாசகர்

பதில்: டியூபுலர் நல்ல பேட்டரி, ஆழமாக இறங்கி ஏறுவதில் அது நம்பகமானது. ஆனால் படுக்கைக்கு அடியில் மட்டும் வேண்டாம். சார்ஜ் முடியும் தறுவாயில் அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு பொறிக்கு அது வெடிக்கக் கூடியது. வீட்டில் மாடிப்படிக்கு அடியில் காற்றோட்டமாக நிற்கும் பேட்டரியும், கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் உறங்கும் வேனுக்குள் இருக்கும் பேட்டரியும் ஒன்றாகா. அத்துடன் அது அசையாத இடத்துக்கென்று செய்யப்பட்டது. ஆற்றங்கரைச் சாலையின் குலுக்கலில் அமிலம் மூடியின் வழியே கசிந்து இரும்புத் தளத்தை அரிக்கும்.

சிக்கனம்தான் நோக்கம் என்றால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, இ-ரிக்‌ஷாவுக்கென்று விற்கும் 12 வோல்ட் பேட்டரி. அதுவும் ஆழமாக இறங்குவதற்கு உரியது, ஓடும் வண்டியின் குலுக்கலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அதையும் உறங்கும் அறையிலிருந்து பிரித்து, வெளிக்காற்றுக்குத் துளையுள்ள பெட்டியில், பட்டையால் இறுகக் கட்டி வைக்க வேண்டும். மற்றொன்று, ஏ.ஜி.எம். எனப்படும் மூடிய வகை. கண்ணாடி இழை விரிப்பில் அமிலம் உறிஞ்சப்பட்டிருப்பதால் சிந்தாது, தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. ஆனால் அளவு மீறிய வோல்ட்டில் சார்ஜ் ஏற்றினால் அதிலிருந்து வெளியேறும் ஈரத்தைத் திரும்ப நிரப்ப வழியில்லை. ஆகவே சார்ஜரில் ஏ.ஜி.எம்.-க்கு உரிய அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தண்ணீர் ஊற்றும் வகையை வாங்கும் கடலோர வாசகர்களுக்கு ஒரு சொல். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கிணற்று நீரை, அது எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், பேட்டரியில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள குளோரைடு தகடுகளை அரித்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். அதையும் சார்ஜ் முழுமையாக ஏறிய பிறகே ஊற்ற வேண்டும், முன்பே ஊற்றினால் ஏறும்போது பொங்கி வழியும்.

கேள்வி: லித்தியம் என்றாலே தீப்பிடிக்கும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். எங்கள் பக்கத்து வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அது தாங்குமா? கஜா புயலின்போது பல நாள் மின்சாரம் இல்லாமல் பட்ட பாடு மறக்கவில்லை. வேன் பேட்டரியை அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டுக்கும் பயன்படுத்தலாமா? – வேதாரண்யம் வாசகர்

பதில்: லித்தியத்தில் பல வகைகள் உண்டு. கைப்பேசியிலும் பல மின்சார வாகனங்களிலும் இருக்கும் கோபால்ட், நிக்கல் கலந்த வகைகள் சூடேறிச் சிதையும்போது தாமே ஆக்சிஜனை வெளிவிடுவதால் அந்தத் தீயை அணைப்பது கடினம். 1990-களின் பிற்பகுதியில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் உருவாக்கிய லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு உறுதியாகப் பிணைந்திருக்கிறது, எளிதில் விடுபடாது. வேனுக்கு இந்த வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் எந்தப் பேட்டரியும் ஷார்ட் ஆனால் ஆபத்துதான். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஒயர் உராயும் இடங்களில் ரப்பர் வளையம் போட வேண்டும்.

வெயிலைப் பொறுத்தவரை, பேட்டரிகளின் ஆயுளை 25 டிகிரிக்குத்தான் கணக்கிடுகிறார்கள். ஈய-அமிலத்தில் அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். அக்னி நட்சத்திர வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வேனுக்குள் 50 டிகிரியைத் தாண்டும். லித்தியத்துக்கும் இது உகந்ததல்ல. பலவற்றின் விவரத் தாளில் சார்ஜ் ஏற்றும் வெப்ப எல்லை 45 முதல் 55 டிகிரி வரை என்றுதான் இருக்கும், அதைத் தாண்டினால் உள்ளே இருந்து பேட்டரியைக் காக்கும் பி.எம்.எஸ். என்னும் மின்னணுப் பலகை சார்ஜை நிறுத்திவிடும். ஆகவே பேட்டரியைக் கூரைக்கு அருகிலோ எஞ்சின் பக்கமோ வைக்காமல், தரைமட்டத்தில், காற்றுப் போகும் இடத்தில் வையுங்கள். உப்புக்காற்று டெர்மினலில்தான் முதலில் தெரியும்: பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும். வெந்நீரும் சமையல் சோடாவும் கொண்டு துடைத்து, நன்றாக உலர்த்தி, நட்டை முடுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். முடுக்கும் முன் இடையில் தடவக் கூடாது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரை கடந்த பகுதி உங்களுடையது. உங்கள் கேள்வியின் நியாயம் புரிகிறது. 200 ஏ.எச். லித்தியத்தில் இரண்டு ஆயிரம் வாட்-மணி பயன்படுத்தலாம். மூன்று எல்.இ.டி. விளக்கு ஆறு மணி நேரம், 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி ஒன்று பத்து மணி நேரம், இரண்டு மூன்று கைப்பேசி என்றால் நாளுக்கு 500 வாட்-மணி. நான்கு நாள் தாங்கும், இடையில் வெயில் வந்தால் இன்னும் நீளும். இவற்றை வேனிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாக மட்டும் இணையுங்கள். இன்வெர்ட்டர் வெளியீட்டை வீட்டுச் சுவர் பிளக்கில் செருகி வீட்டு ஒயரிங்குக்குள் விடுவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அந்த மின்சாரம் மீட்டரைக் கடந்து, டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் உயர்ந்து, சாய்ந்த கம்பத்தைச் சீர் செய்ய வந்திருக்கும் லைன்மேனின் உயிரைப் பறிக்கும்.

கேள்வி: வண்டி ஓடும்போது எஞ்சின் பேட்டரியிலிருந்து ஒரு ஒயர் இழுத்து லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றலாம் என்கிறார்கள். அப்படியானால் சோலார் தேவையா? – மயிலாடுதுறை வாசகர்

பதில்: நேரடியாக இழுக்காதீர்கள். லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு. ஆல்டர்னேட்டர் தரக்கூடிய அனைத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகத்தான் சுழலும் என்பதால், கும்பகோணம் கடைத்தெரு நெரிசலில் நிற்கும் அரை மணி நேரத்தில் அதன் காயில் கருகிவிடக் கூடும். புதிய வண்டிகள் சிலவற்றில் எரிபொருள் சிக்கனத்துக்காக ஆல்டர்னேட்டர் வோல்ட்டை அவ்வப்போது குறைத்துவிடுவதால் பேட்டரி நிறையாமலும் போகும். இடையில், எடுக்கும் மின்னோட்டத்துக்கு எல்லை வைத்து வோல்ட்டையும் சீராக்கித் தரும் டி.சி.-டி.சி. சார்ஜர் வைத்தால் இரண்டு சிக்கலும் தீரும். 30 ஆம்பியர் சார்ஜர் இருந்தால், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகக் கல்லணை போய்ச் சேரும் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் 90 ஏ.எச். ஏறிவிடும், மேலே சொன்ன கணக்கில் அது ஒரு நாள் செலவுக்கு மேல்.

ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம். 30 ஆம்பியரை ஐந்து மீட்டர் தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அனுப்பினால், போக வரச் சேர்த்து 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். தலைமதகில் திறந்த தண்ணீர் கடைமடைக்குச் சேராத கதைதான். 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் அந்த இழப்பு 0.35 வோல்ட்டாகக் குறையும். 1000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 95 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் என்பதால், அதைப் பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் வைத்து 35 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட வேண்டும். விசிறிக்காக மட்டும் இன்வெர்ட்டரை இரவெல்லாம் போட்டுவைப்பதும் வீண். சும்மா இருந்தாலே அது 10 முதல் 20 வாட் எடுத்துக்கொள்ளும்.

நாள்தோறும் வண்டி ஓடுமானால் சோலார் இல்லாமலே சமாளிக்கலாம். ஒரே இடத்தில் நிற்பவர்களுக்குச் சோலார் வேண்டும். 885 வாட்-மணிக்கு, நான்கரை மணி நேர முழு வெயிலும் இழப்புகளுக்குக் கால் பங்கும் கணக்கிட்டால் 260 வாட் வருகிறது. 300 வாட் அளவில் பலகையும், அதிலிருந்து முடிந்த அளவு மின்சாரத்தை எடுத்துப் பேட்டரிக்கு ஏற்றும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலரும் வையுங்கள். டெல்டா 10, 11 பாகை அட்சரேகையில் இருப்பதால் பலகையைச் சாய்க்காமல் கூரையில் படுக்க வைத்தாலும் இழப்பு பெரிதில்லை. நிழல்தான் சிக்கல்: வேன் சவுக்குத் தோப்பு நிழலில் நிற்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும், பலகைக்கோ ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே உற்பத்தி சரிந்துவிடும். அதனால் பலகைகளுள் ஒன்றையாவது பத்து மீட்டர் கேபிளோடு கழற்றி வெயிலில் வைக்கக் கூடியதாக அமைத்துக்கொள்வது நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சோலாரை நம்பாதீர்கள். கோடியக்கரைக்குப் பறவைகள் வரும் பருவமும் அதுதான் என்பதால், அப்போது டி.சி.-டி.சி. சார்ஜரே கைகொடுக்கும்.

கேள்வி: விலை குறைந்த லித்தியம் பேட்டரி உண்மையில் 100 ஏ.எச். உள்ளதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய மின்சார ஸ்கூட்டர் செல்களைக் கோத்துச் செய்து தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். – திருவாரூர் வாசகர்

பதில்: முதலில் தராசில் வையுங்கள். 100 ஏ.எச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் ஒன்று 2 கிலோ அளவில் இருக்கும், 12.8 வோல்ட்டுக்கு நான்கு செல்கள் வேண்டும். பெட்டி, பி.எம்.எஸ். எல்லாம் சேர்த்து 10 முதல் 13 கிலோ வர வேண்டிய பேட்டரி 8 கிலோவுக்கும் குறைவாக இருந்தால், மேலே எழுதியிருப்பது உள்ளே இல்லை. பிறகு முழுச் சார்ஜ் ஏற்றி, நிலையாக 10 ஆம்பியர் இழுக்கும் ஒரு சுமையை மாட்டி, எத்தனை மணி நேரத்தில் பி.எம்.எஸ். துண்டிக்கிறது என்று பாருங்கள். பத்து மணி நேரத்தை ஒட்டி வர வேண்டும். வோல்ட் மீட்டரை மட்டும் பார்த்துக் கணிக்க முடியாது. இந்த வகையின் வோல்ட் பெரும்பகுதி நேரம் 13-ஐ ஒட்டியே நின்றுவிட்டு, கடைசியில் சட்டென்று விழும். மீதியைத் தெரிந்துகொள்ள, ஏறும் இறங்கும் மின்சாரத்தை அளக்கும் ஷன்ட் வைத்த மீட்டர் ஒன்றை நிரந்தரமாகவே பொருத்திவிடுங்கள்.

பழைய ஸ்கூட்டர் செல்கள் வேண்டாம். அவற்றுள் பல நிக்கல் கலந்த வகை. எவ்வளவு சூடு கண்டவை, எவ்வளவு தேய்ந்தவை என்று வெளியிலிருந்து தெரியாது. ஒரு செல் தளர்ந்தால் அதனோடு கோத்த மற்றவற்றையும் அது இழுத்துவிடும். குடும்பத்தோடு உறங்கும் இடத்தில் அதை வைப்பதற்கு நான் உடன்பட மாட்டேன்.

கேள்வி: ஆண்டில் நான்கைந்து மாதம் வேன் கொட்டகையில்தான் நிற்கும். அப்போது பேட்டரியை என்ன செய்வது? – பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: ஈய-அமிலம் என்றால் முழுச் சார்ஜில் வைத்து, மாதம் ஒருமுறை மீண்டும் நிரப்புங்கள். ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைவு, 12.2-க்கு இறங்கினால் பாதி போய்விட்டது. லித்தியத்துக்கு இதற்கு நேர்மாறு: பாதி அளவு சார்ஜில், எல்லா இணைப்பையும் துண்டித்து, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். பயணத்துக்கு முந்தைய நாள் முழுமையாக ஏற்றிக்கொண்டால் போதும். பழையதை மாற்றும்போது குப்பையிலோ பழைய இரும்புக் கடையிலோ போடாமல், புதியது வாங்கும் கடையிலேயே ஒப்படையுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அவற்றைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. ஈய-அமிலப் பேட்டரி என்றால் விலையிலும் குறைத்துக்கொடுப்பார்கள்.